மண்புழுக்களுக்கு மறுவீட்டு விருந்து

கல்யாணத்தன்று வராத சீர் ஒன்று ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்தது. ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்திலுள்ள தம் ஊரிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் சம்பந்தி தங்கச்சாமி அதைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாயில் ஈரச் சாக்கு கட்டிய மண்பானை. கூடவே ஒரு பையில் கடம்பூர் போளி.

என் மனைவி பாலம்மாள் போளியை ஒரு கையால் வாங்கிக்கொண்டு மறு கையால் பானையைத் தடவிப் பார்த்தாள்.

"என்ன தம்பி இது, தயிரா?"

"புழு அக்கா."

பாலம்மாள் கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"மண்புழு," என்றார் தங்கச்சாமி, சமாதானமாக. "பிள்ளை கேட்டுச்சு. எங்க தோட்டத்துத் தொட்டியில பெருகிக் கிடக்கு. அடுப்படிக் கழிவெல்லாம் தின்னு உரமாக்கிரும்."

பிள்ளை என்று அவர் சொன்னது என் மருமகள் ரேணுகாதேவியை. அதிகம் பேசாதவள். நானும் அப்படித்தான். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு ஒரு நாற்காலியும் புத்தகமும் போதும். அவள் தன் புத்தகத்தோடு மாடிப்படியில் உட்காருவாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு சாயங்காலம் முழுவதும் ஒரு வார்த்தையும் இல்லாமல் கடந்துபோகும். எனக்கு அது நல்ல உரையாடலாகவே பட்டது. பாலம்மாளுக்கு அப்படிப் படவில்லை. "இந்த வீட்ல மிக்சி ஓடுனாத்தான் மனுசச் சத்தம் மாதிரி இருக்கு" என்பாள். மகன் ராஜபாண்டி தூத்துக்குடியில் வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைதான் வருவான். வந்தாலும் தூங்குவான்.

எங்கள் வீட்டுக்கு வந்ததிலிருந்து ரேணுகா எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டு வாங்கியது இந்தப் பானையைத்தான். அதனால் நானும் அதைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன்.

புறவாசலில் துவைக்கிற கல்லுக்கு அருகே, நிழல் விழும் மூலையில், மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை அவள் தயாராக வைத்திருந்தாள். பக்கங்களில் ஓட்டைகள் போட்டிருந்தாள். தீப்பெட்டி ஆபீசில் கழித்த அட்டைகளைக் கிழித்து நனைத்துப் பிழிந்து, பழைய சாணத்தோடு கலந்து உள்ளே மெத்தை மாதிரி பரப்பியிருந்தாள். அதன்மேல் பானையைக் கவிழ்த்தாள். சிவப்பு நூல்கண்டு ஒன்று அவிழ்ந்து விழுந்தது போலிருந்தது. பிறகு அந்த நூல்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கி மறைந்தன.

மறுநாள் அவள் மதுரைக்குப் போகவேண்டும். வங்கி வேலை கிடைத்து, பயிற்சிக்கு அழைத்திருந்தார்கள். கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என் நாற்காலி அருகே வந்து நின்றாள்.

"மாமா, புழுவை நீங்க பாத்துக்கிடுவீங்களா?"

"என்ன செய்யணும்மா?"

"ஒண்ணும் செய்யக்கூடாது மாமா. புது இடம்லா, பழகட்டும். இப்போதைக்கு சாப்பாடே வேண்டாம். அந்த அட்டையையும் சாணியையுமே தின்னுக்கிடும். ஈரம் காஞ்சா லேசா தண்ணி தெளிங்க. அவ்வளவுதான். நான் தெனமும் போன் பண்ணுதேன்."

ஒன்றும் செய்யாமல் இருக்கும் பொறுப்பை யாரும் இதற்குமுன் என்னை நம்பி ஒப்படைத்ததில்லை. எனக்கென்றே பிறந்த வேலை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தபடி இருந்துமிருப்பேன், வீட்டில் பாலம்மாள் இல்லாவிட்டால்.

பெண் வீட்டிலிருந்து வந்தவர்களைப் பட்டினி போட்டு அவளுக்குப் பழக்கமில்லை. அவளைப் பொறுத்தவரை சம்பந்தி வீட்டு வாசலைத் தாண்டி வந்தது எதுவாக இருந்தாலும் அது விருந்தாளி. கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வந்தவர்களை எழுந்து கை கழுவ விடாமல் பரிமாறியவள் அவள். ரேணுகா பஸ் ஏறிய அன்று மத்தியானமே நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, மூடியைத் திறந்து, இரண்டு போளியைப் பிய்த்துப் போட்டிருக்கிறாள். சாயங்காலம் சாம்பார் சோறு. மறுநாள் எலுமிச்சைச் சாதம், உளுந்தவடை, ஒரு கரண்டி பாயசம். பாயசம் எதற்கு என்று பின்னால் கேட்டதற்கு, "வெறும் வடையை எப்படிங்க வைக்க?" என்றாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்தது, தொட்டிப் பக்கமிருந்து ஒரு புளித்த வாடை வருகிறது என்பது மட்டும். திறந்து பார்த்தேன். மேலே கஞ்சி மாதிரி ஏதோ மினுங்கியது. கையை வைத்தால் சுட்டது. அந்த நேரத்தில் ரேணுகா சொன்னபடி ஒன்றும் செய்யாமல் இருந்திருக்கவேண்டும். அல்லது அவளைக் கேட்டிருக்கவேண்டும். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு இனாம்மணியாச்சி பக்கமுள்ள எங்கள் காட்டுக்குப் போனேன்.

எங்கள் பக்கத்தில் யாருக்கு என்ன சீக்கு வந்தாலும் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். மண்ணுக்கு மட்டும் ஒரே மருந்துதான். கரிசல். பருத்தி வேண்டுமா, மிளகாய் வேண்டுமா, உளுந்து வேண்டுமா, கரிசல் தரும். அதில் வாழாத உயிர் ஒன்று இருக்கும் என்று எங்களில் ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டோம். அரைச் சாக்குக் கரிசல் மண்ணைக் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து, தொட்டி நிறையப் பரப்பி, ஒரு வாளித் தண்ணீரையும் விட்டேன். வாடை நின்றது. கையைக் கழுவிக்கொண்டு வந்து, புத்தகத்தை விட்ட பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

நனைந்த கரிசல் என்ன செய்யும் என்பது அதில் செருப்பை இழந்த எவனுக்கும் தெரியும். அது வீங்கும், ஒட்டும், இறுகும். காய்ந்தால் கல். பிறந்ததிலிருந்து தெரிந்த இந்த விஷயம் அன்றைக்கு எனக்கு நினைவுக்கு வரவில்லை. கீழே போளி கொதிக்க, மேலே கரிசல் மூட, நடுவில் சம்பந்தி வீட்டார்.

மறுநாள் விடிந்ததும் பாலம்மாள் போட்ட கூச்சலில் எழுந்து ஓடினேன். தொட்டியின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகப் புழுக்கள் வெளியேறியிருந்தன. துவைக்கிற கல்லில், குளியலறை வாசலில், வாளியின் அடியில், எங்கும் புழுக்கள். பாதிக்கு மேல் தரையில் ஒட்டிக் காய்ந்துவிட்டன. மீதியை எறும்பு இழுத்துக்கொண்டிருந்தது. பாலம்மாள் தோசைக்கரண்டியால் ஒன்றை ஏந்தி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாங்க, உள்ள வாங்க, எங்க கிளம்பிட்டிய?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு பத்திரகாளி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"என்னக்கா, சம்பந்தி வீட்டு ஆளுக கோவிச்சுக்கிட்டு கிளம்பிட்டாவளா?"

"உன் வேலையப் பாரு."

"பந்தியில என்ன கொறை வச்சிய?"

"கொறையா? பாயசம் வரைக்கும் வச்சேன்!"

சொன்ன பிறகுதான் நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். கரண்டியிலிருந்த புழு நழுவி விழுந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் தொட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே கறுப்பாக, வழவழவென்று இறுகிக் கிடந்த கரிசலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது யார் வச்ச கொழுக்கட்டை?" என்றாள்.

அத்தோடு எங்கள் வழக்கு தள்ளுபடியானது.

அன்று சாயங்காலம் ரேணுகா அழைத்தாள்.

"மாமா, புழு நல்லா இருக்கா?"

நான் என்ன சொல்வதென்று யோசித்தேன். எனக்கு யோசிக்க நேரமாகும். அவளும் அவசரப்படாதவள், காத்திருந்தாள். கடைசியில் நான் "ம்" என்றேன்.

"சரி மாமா," என்று வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த நாளும் "ம்." அதற்கடுத்த நாளும். ஒரே ஓர் எழுத்தில் ஒரு மனிதன் இவ்வளவு பொய் சொல்லமுடியும் என்று நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பேசாதவன் பொய் சொல்லமாட்டான் என்று அவள் நினைத்திருக்கிறாள். நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்திருந்தேன். புழு போனது போகட்டும். அவள் என்னிடம் கேட்ட ஒரே காரியம், அதுவும் சும்மா இருக்கச் சொல்லிக் கேட்ட காரியம். பயிற்சி முடிந்து வந்து மூடியைத் திறக்கும்போது, அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். மாடிப்படியில் போய் உட்காருவாள். அந்த அமைதி இனி வேறு மாதிரி இருக்கும்.

"அவிய ஊருக்கே போயி கொஞ்சம் புழு வாங்கிட்டு வந்துருங்க. பிள்ளைக்குத் தெரியவா போகுது?" என்றாள் பாலம்மாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, மூடி போட்ட தூக்குவாளி ஒன்றைப் பையில் மறைத்துக்கொண்டு பசுவந்தனை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். மழை இன்னும் இறங்கவில்லை. இரண்டு பக்கமும் உழுதுபோட்ட கரிசல் காடுகள் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. அவற்றைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது.

போகிற வழியில் நான் யோசிக்காத விஷயம் ஒன்று இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா, சொல்லாமல் கொள்ளாமல், மனைவியையும் கூட்டிக்கொள்ளாமல், தனியாளாகப் பெண் வீட்டுக்கு வந்து நின்றால் அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்.

வாசலில் என்னைக் கண்டதும் ரேணுகாவின் அம்மா அமுதவல்லியின் கையிலிருந்த சொளவு சாய்ந்து, புடைத்துக்கொண்டிருந்த உளுந்து சிதறியது.

"வாங்கண்ணே," என்றாள். "மதினி வரலியா?"

"இல்லம்மா."

"வீட்ல எல்லாரும்..."

"இருக்காவ."

தங்கச்சாமி தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நான் குடித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்கள் சீரை நாங்கள் கொன்றுவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? எதிரே இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அமைதியாக இருப்பது இயல்பு. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது பெரிய கோபம் போலத் தெரியும் என்பதை பாலம்மாள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளை ஏதாவது எடுத்தெறிஞ்சு பேசிட்டாளா மச்சான்?" என்றார் தங்கச்சாமி மெதுவாக.

"அவ எங்க பேசுதா?"

அமுதவல்லி அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சின்னதுல இருந்தே அப்படித்தாண்ணே. மனசுல ஒண்ணும் கிடையாது."

கொஞ்ச நேரத்தில் தங்கச்சாமியின் அண்ணன் திருப்பதி வந்தார். குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தோளில் துண்டு போட்டு, வழக்குப் பேசுவதற்கென்றே வந்திருந்தார். என் எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"நம்ம பக்கம் தப்பு இருந்தா தப்புன்னு ஒத்துக்கிடுவோம். எதா இருந்தாலும் நடுவீட்ல போட்டு உடைச்சிருங்க."

நான் உடைக்கவில்லை. பையிலிருந்த தூக்குவாளியைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். அதற்குள் அமுதவல்லி அடுக்களைக்குள் போய் மதுரைக்குப் போன் போட்டுவிட்டாள். "ஏட்டி, அங்கன என்ன செஞ்சு வச்ச? உங்க மாமா வந்து பேசாம உக்காந்திருக்காவ!" என்பது எல்லோருக்கும் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்து போனை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"மாமா," என்றாள் ரேணுகா. "என்னாச்சு?"

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"புழுவெல்லாம் போயிட்டும்மா," என்றேன். "நீ போன ரெண்டு மூணு நாள்லயே போயிட்டு. நான் கரிசலை அள்ளிப் போட்டுத் தண்ணிய ஊத்திட்டேன். நீ கேட்டப்பல்லாம் பொய் சொன்னேன். இங்கன வேற புழு வாங்கி உனக்குத் தெரியாம விடலாம்னு வந்தேன்."

திருப்பதியின் துண்டு தோளிலிருந்து நழுவியது. தங்கச்சாமி, "புழுவா?" என்றார். அமுதவல்லி அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

போனில் சத்தமில்லை. எவ்வளவு நீண்ட அமைதியும் எனக்குப் பிடிக்கும் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். இது பிடிக்கவில்லை. ஏதாவது சொல்லேன் என்று இருந்தது. பாலம்மாள் என்னிடம் எத்தனையோ சாயங்காலம் இதைத்தான் கேட்டிருப்பாள்.

"கரிசலையா போட்டீங்க?" என்றாள் ரேணுகா கடைசியில்.

"ஆமா."

"எவ்வளவு?"

"அரைச் சாக்கு."

இப்போது தங்கச்சாமி தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். ரேணுகா சிரிக்கவில்லை.

"அத்தை சாப்பாடு போட்டாங்களா?"

"அது... போளி கொஞ்சம்."

"வேற?"

"பாயசம்," என்றேன்.

"புழு செத்ததுக்கு ஒண்ணுமில்ல மாமா. முதத் தடவை எனக்கும் செத்திருக்கு. ஆனா நான் தெனமும் கேட்டேனே. நீங்க ஒரு வார்த்தை சொன்னாலும் அது நெசமா இருக்கும்னு நெனச்சேன்."

சும்மா இருக்கப் பயமாக இருந்தது.

"இனிமே கேட்டா சொல்லுதேன்மா. நல்லா இருந்தாலும் சொல்லுதேன், இல்லாட்டியும் சொல்லுதேன். பாத்தது எல்லாத்தையும் சொல்லுதேன்."

"சரி," என்றாள். பிறகு, "எங்க அம்மா அழுதாங்களா மாமா?"

"அழுதாவ."

"பெரியப்பா துண்டு போட்டுட்டு வந்திருப்பாங்களே?"

"வந்திருக்காவ. இப்ப கீழ கிடக்கு."

அதற்குத்தான் அவள் சிரித்தாள்.

உடனே புழுவை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று தூக்குவாளியை வெளியே எடுத்தேன். அமுதவல்லி எழுந்து குறுக்கே வந்தாள். கண்ணீர் காய்ந்து இப்போது அதிகாரம் வந்திருந்தது.

"வெள்ளிக்கிழமை விளக்கு வச்சாச்சுண்ணே. இப்ப வீட்ல இருந்து உப்பே கொடுக்கமாட்டோம், ஒரு உசிரை எப்படிக் கொடுக்க? இருந்து சாப்பிட்டுட்டு விடிஞ்சு போங்க."

"புழு கூட லட்சுமியாம்மா?"

"உரம் போடுததெல்லாம் லட்சுமிதான்."

இலை போட்டார்கள். வடை, அப்பளம், கூட்டு, சேமியாப் பாயசம். போதும் என்று கையைக் குறுக்கே வைத்தால் விரல் இடுக்கு வழியாக விழுந்தது. ஏப்பம் விட்டேன், அதை இடம் இருக்கிறது என்று அமுதவல்லி எடுத்துக்கொண்டாள். புழுக்கள் வெளியேறிய கதையை அதற்குள் கேட்டுவிட்டிருந்த தங்கச்சாமி என் அருகே குனிந்து, "மச்சான், பாத்து. இந்த வீட்டுச் சுவர்ல ஓட்டையும் கிடையாது" என்றார். அந்த ராத்திரி நான் மல்லாந்து படுத்துக்கொண்டு, எங்கள் தொட்டியின் ஓட்டைகளைத் தேடி ஊர்ந்த ஒவ்வொரு புழுவையும் முழுமையாகப் புரிந்துகொண்டேன்.

விடிந்ததும் வாளி நிறையப் புழுவோடு வீட்டுக்கு வந்தேன். பாலம்மாளும் நானும் தொட்டியைச் சுத்தம் செய்தோம். கரிசல் மூடியைக் கடப்பாரையால்தான் பெயர்க்க முடிந்தது. அடியில் ஒரு மூலையில், போளியும் போகாத, மண்ணும் எட்டாத அட்டைச் சுருளுக்குள், பழைய புழுக்கள் ஒரு கைப்பிடி உயிரோடு இருந்தன.

"ஐயோ பாவம்," என்றாள் பாலம்மாள். "கோவிச்சுக்கிடாத ஆளுகளும் இருந்திருக்காவளே." முதன்முறையாகக் கரண்டி இல்லாமல் கையாலேயே அள்ளினாள்.

ரேணுகா போனில் சொல்லச் சொல்ல அட்டையைக் கிழித்தோம், நனைத்தோம், பிழிந்தோம். சொட்டுத் தண்ணீர் வடிந்தாலும் மறுபடி பிழியச் சொன்னாள். பாலம்மாள் அடுக்களைக் கதவுக்கு ஒரு பூட்டுப் போட்டுச் சாவியை என்னிடம் தந்துவிடலாமா என்று கேட்டாள். பாதி விளையாட்டாகத்தான்.

சாயங்காலம் ரேணுகா மறுபடி அழைத்தாள்.

"மாமா, எப்படி இருக்கு?"

மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். பார்த்ததை எல்லாம் சொன்னேன். பெரும்பாலானவை உள்ளே இறங்கிவிட்டன. பழையவை புதியவற்றோடு கலந்துவிட்டனவா என்று தெரியவில்லை. வாடை இல்லை, மழை நனைத்த சாக்கு மாதிரி ஒரு மணம்தான். ஆனால் பத்துப் பதினைந்து விளிம்புக்கு ஏறிவருகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது. இதையும் சொன்னேன். அடுக்களையிலிருந்து பாலம்மாள் எட்டிப் பார்த்து, யாரோடு இவ்வளவு பேசுகிறேன் என்று சைகையில் கேட்டாள்.

"பயப்படாதீங்க மாமா. மூடியைத் திறந்தே வச்சு மேல ஒரு லைட்டைப் போடுங்க. அதுகளுக்கு வெளிச்சம் ஆகாது. தானா கீழ போயிரும்."

துணி காயப்போடும் கம்பியில் வயரைச் சுற்றி, தொட்டிக்கு நேர்மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். எரிகிற விளக்கை வீணாக்குவானேன் என்று நாற்காலியையும் அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தேன். ஒரு பக்கம் படிப்பேன், ஒரு தரம் விளிம்பைப் பார்ப்பேன். ஏறியவை ஒவ்வொன்றாகத் தலையை மடித்துக் கீழே திரும்பின. பத்திரகாளி சுவருக்கு மேலே பார்த்தாள். என்ன நினைத்தாளோ, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள்.

போன் அடித்தது.

"இறங்கிட்டா மாமா?"

"கிட்டத்தட்ட எல்லாம்."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

உள்ளேயிருந்து பாலம்மாளும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள், தட்டைத் தட்டி.

"இன்னும் இல்லம்மா," என்றேன். "ஒண்ணு மட்டும் விளிம்புலயே நிக்குது. போகலாமா வேண்டாமான்னு யோசிக்குது. அது முடிவு பண்ணட்டும்."

"சரி மாமா," என்றாள் ரேணுகா. ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.